ஆஷாவைத் திருப்பி அனுப்பாதீர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் நல்ல செய்தி என்று எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் வாழ்த்துகள். நாகர்கோவிலிலிருந்து வேலைக்காகக் கழக்கூட்டத்துக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன, ஊர் இன்னும் பிடிபடவில்லை, திருவனந்தபுரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். அரசு சுகாதாரத் திட்டத்தின் ஆஷா ஊழியர் ஒருவர் வீடு தேடி வந்தார், "நாங்க பிரைவேட்ல பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம் என்று. நீங்கள் கேட்ட கேள்வியைவிட இந்த ஒரு வரிக்குத்தான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்களைப் போல நினைக்கும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் அந்தப் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தைக்காட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. இருக்கிறது. சிக்கலான பேறுகளை அங்கேதான் அனுப்புகிறார்கள். உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் குறைவில்லை. எங்கே போனாலும் மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் ரத்தம் கிடைக்குமா? மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் உடனே வருவாரா? பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த இடம் போதும்.

இனி ஆஷாவுக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்கோடு தொடங்க வேண்டியிருக்கிறது. 2004-06ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 95 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 111, இந்தியா முழுமைக்கும் 254. 2018-20இல் கேரளம் 19, தமிழ்நாடு 54, இந்தியா 97. மாதிரிப் பதிவுத் திட்டம் என்ற மத்திய அரசின் கணக்கெடுப்பு தரும் எண்கள் இவை. குழந்தைகளின் கணக்கும் இதே வரிசைதான். 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது முடியும் முன் இறந்தவர்கள் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, நாடு முழுவதும் 28.

"கேரளத்தில் நல்ல ஆஸ்பத்திரி அதிகம், அதனால்தான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 99 பேறுகளுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, கேரளத்திலும் அப்படியே. இன்னும் சொல்லப்போனால், தமிழ்நாட்டில் மூன்று நர்சுகளை வைத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருபத்துநான்கு மணி நேரமும் பேறு பார்க்கிறார்கள். கேரளத்தின் சிறு நிலையங்களில் பெரும்பாலும் பேறு பார்ப்பதே இல்லை. ஆகவே பேறு நடக்கும் கட்டடத்தை வைத்து மட்டும் இந்த இடைவெளியை விளக்க முடியாது. பெண்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள், எந்த வயதில் மணமாகிறது, எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்பதெல்லாம் இதில் சேரும். ஆஸ்பத்திரிக்குள் கிடைக்கும் கவனிப்பின் தரமும் சேரும். அவற்றோடு, பேறுக்கு முந்தைய ஒன்பது மாதமும் பிந்தைய ஆறு வாரமும் அந்தப் பெண் யாருடைய கண்பார்வையில் இருந்தாள் என்பதும் சேரும். அந்தக் கண்பார்வையைத்தான் நீங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

தாய்மார் இறப்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் முதன்மையான காரணங்கள் சிலதான். பேறுக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, அது முற்றி வரும் வலிப்பு, கிருமித்தொற்று, முன்பே இருந்து கண்டுபிடிக்கப்படாத இதயநோய். உதிரப்போக்கைக் கவனிக்காமல் விட்டால், ஆரோக்கியமாக இருந்த பெண்ணையும் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் இந்த மரணங்களுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதைச் சாலையும் 108 ஆம்புலன்ஸும் குறைக்கும். மூன்றாவதை நல்ல ஆஸ்பத்திரி குறைக்கும். முதல் தாமதம் வீட்டுக்குள் நடப்பது. "மாசமா இருந்தா கால் வீங்கத்தானே செய்யும்", "பித்தத் தலைவலி, படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதெல்லாம் அன்பால் சொல்வது. ஆனால் வீங்கிய காலும் விடாத தலைவலியும் ரத்தக்கொதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று காட்டும் ஒரு பட்டையும் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சப்சென்டரில் இருக்கும் நர்சிடம் இரண்டும் உண்டு.

வலிப்பு வராமல் தடுக்கும் மருந்தும் அரிய மருந்தல்ல. மெக்னீசியம் சல்பேட் என்ற பழைய, மலிவான உப்பு அது. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, அது வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் யாருக்கு ரத்தக்கொதிப்பு என்று முதலில் தெரிந்தால்தானே மருந்து உதவும்? ரத்தசோகைக்கும் இதே நியாயம்தான். ஹீமோகுளோபின் குறைந்த பெண்ணுக்கு இழக்கக் கையிருப்பு ரத்தம் இல்லை. மற்றவர் தாங்கும் உதிரப்போக்கை அவரால் தாங்க முடியாது. நான்காம் மாதத்தில் கண்டுபிடித்தால் இரும்புச்சத்து மாத்திரையிலேயே சரியாகிவிடும். பிரசவ அறையில் தெரியவந்தால் ரத்தப் பை தேடி ஓட வேண்டும்.

தாய் சேய் நலம் பார்க்கும் இந்த வேலைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. தைக்காடு ஆஸ்பத்திரியின் பொறுப்பை 1916இல் ஏற்றவர் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ். பெண் என்பதற்காக அன்று இங்கிருந்த மகாராஜா கல்லூரியில் அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்டவர் அவர். லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். அன்று பேறு பார்ப்பது ஊர் மருத்துவச்சிகளின் கையில் இருந்தது. அவர்களைத் திட்டிக்கொண்டிருக்காமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி கொடுத்து அந்தக் குடும்பங்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஊரை நம்பவைக்கும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலானார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். உங்கள் நாகர்கோவில் காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 1956 வரை உங்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒரே ஆட்சியின் கீழ்தானே இருந்தன!

1930களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு திருவிதாங்கூர் அரசு நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதார நிலையம் அமைத்தது. இதே அறக்கட்டளையின் துணையோடு இலங்கையில் களுத்துறை சுகாதாரப் பிரிவு 1926இலேயே வந்துவிட்டது. இவ்வளவு மக்கள், இத்தனை வீடு என்று எல்லை குறித்து, அந்த எல்லைக்குள் பிறப்பு, இறப்பு, நோய் எல்லாவற்றுக்கும் ஒரு குழுவைப் பொறுப்பாக்குவது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது டிஸ்பென்சரி. வீடுவீடாகப் போய்க் கணக்கெடுப்பது சுகாதார நிலையம். இலங்கை அந்த வழியை விடவே இல்லை. அங்கே மருத்துவமாது இன்றும் கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போகிறார். ஏழை நாடாக இருந்த காலத்திலேயே இலங்கை தாய்மார் சாவை வேகமாகக் குறைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 1946இல் போர் (Bhore) குழு இந்தியாவெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்ததும், 1978இல் அல்மா-ஆட்டா பிரகடனம் உலகுக்கே அதை நெறியாக்கியதும் பிறகு வந்தவை. 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் என்று நான்கை எடுத்துக் காட்டியது. சீனா, கோஸ்டாரிக்கா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளோடு நான்காவதாக நின்றது நாடல்ல, கேரளம்.

கேரளத்தில் 1996 வாக்கில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராம பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தன. 2017இல் ஆர்த்ரம் திட்டம் தொடங்கிய பிறகு, அவை ஒவ்வொன்றாகக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறுகின்றன. உச்சிப்பொழுதோடு பூட்டிக்கொண்டிருந்த ஓ.பி., மாறிய இடங்களில் மாலை வரை நடக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெண் அரைநாள் சம்பளத்தை இழக்காமல் வரலாம் என்பது இதில் பெரிய மாற்றம்.

கேரளத்தில் நான் மிகவும் மதிக்கும் இன்னொரு ஏற்பாடு உண்டு. இங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, டாக்டர் வி.பி. பைலியின் ஒருங்கிணைப்பில், 2004இல் தாய்மார் மரணங்களின் ரகசிய ஆய்வைத் தொடங்கியது. பிரிட்டனில் 1952 முதல் நடந்துவரும் முறை அது. ஒரு தாய் இறந்தால் அந்தக் கோப்பிலிருந்து அவர் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர், டாக்டரின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். பிறகு மூத்த மருத்துவர்கள் உட்கார்ந்து, எந்த நேரத்தில் என்ன செய்திருந்தால் இவர் பிழைத்திருப்பார் என்று வாசிக்கிறார்கள். தண்டனை இல்லை என்பதால் உண்மை வெளியே வருகிறது. உதிரப்போக்கும் ரத்தக்கொதிப்பும்தான் முன்னணிக் காரணங்கள் என்று தெரிந்து, அவற்றுக்கான சிகிச்சை முறையை வகுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலையும் கவனிக்க வேண்டிய காரணமாக அந்த ஆய்வுகளில் வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் பேச விரும்பாத விஷயம் அது. பேறுக்குப் பின் தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரி பார்க்கப்போவதில்லை. அவர் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். அதன் பிறகு அவரைப் பார்ப்பவர் வீட்டுக்கு வரும் ஆஷா.

குழந்தைக்கும் இதுவே பொருந்தும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டம். எடை ஏறுகிறதா, பால் குடிக்கிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, தொப்புளில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார். இந்தத் திட்டத்தின் வேர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. அபய் பங், ராணி பங் தம்பதியர் அங்குள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதிகம் படித்திராத பெண்கள் சாதித்தது அது.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். 2024 தொடக்கத்தில் இந்தத் தலைநகரத்திலேயே, வீட்டில் பேறு பார்க்க முயன்று ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். ஆஷாவும் சுகாதார ஊழியர்களும் முன்பே அந்த வீட்டுக்குப் போய் எச்சரித்திருந்ததாகச் செய்திகள் வந்தன. சிகிச்சைக்குத் தடையாக நின்றவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களில் 2013இல் அடுத்தடுத்து கைக்குழந்தைகள் இறந்தன. தாயின் ரத்தசோகையும் குழந்தையின் குறைந்த எடையும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. ஒரு மாநிலத்தின் சராசரி 6 என்றால் அதற்குள் எங்கோ ஒரு மலையில் அது பல மடங்காக இருக்கலாம் என்பதை அட்டப்பாடி காட்டியது. இன்னொரு பக்கம், 2019-21 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 39 பேறுகள் சிசேரியன். கத்தி வைக்கத் தேவையில்லாத இடத்திலும் வைக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து இந்த மாநிலம் தப்ப முடியாது. ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த பேறின் அபாயத்தைக் கூட்டுகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் வீடுவீடாக நடப்பவருக்கு நாம் என்ன தருகிறோம்? கேரளத்தில் சுமார் 26,000 ஆஷாக்கள் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 10ஆம் தேதி அவர்களில் ஒரு பிரிவினர் இங்கே செக்ரட்டேரியட் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள், ஓய்வுபெறும்போது 5 லட்சம் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊக்கத்தொகையும் சேர்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது அதிகம் என்றும், மத்திய அரசு தரவேண்டிய பங்கு பாக்கி என்றும் மாநில அரசு சொன்னது. வெயிலிலும் மழையிலும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தார்கள். அக்டோபர் இறுதியில் 1,000 ரூபாய் கூடியது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை அரசியல்வாதிகள் பேசிக்கொள்ளட்டும். அவர்களைத் தொழிலாளர் என்று சொல்லாமல் தன்னார்வலர் என்று ஏட்டில் எழுதிவைத்திருப்பதுதான் இந்த வழக்கின் மூலம். தாய் சேய் நலத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலம், அந்தப் பெயரை வாங்கித் தந்தவர்களைத் தெருவில் உட்கார வைத்திருந்தது. அது நல்ல கணக்கல்ல.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் வார்டு கவுன்சிலரிடமோ பக்கத்து அங்கன்வாடி டீச்சரிடமோ கேட்டால் அந்த ஆஷாவின் போன் நம்பர் கிடைக்கும். கூப்பிட்டு வரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரம் ஆவதற்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள். பிரைவேட்டில் காட்டுவதற்கு இது தடையே இல்லை. தாய் சேய் நல அட்டை கொடுப்பார்கள். டாக்டரிடம் போகும்போதெல்லாம் ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் அதில் எழுதி வாங்குங்கள். குறைந்தது நான்கு பரிசோதனை அவசியம்.

நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்து உங்கள் மனைவி தாய்வீட்டுக்குப் போவார். நம் பெண்களின் கணக்கு நழுவிப்போகும் இடம் அதுதான். ஏழு மாதம் பார்த்த டாக்டர் இங்கே, பேறு பார்க்கப்போகும் டாக்டர் அங்கே, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கசங்கிய ஸ்கேன் தாள்கள். போவதற்கு முன்பே இங்குள்ள ஆஷாவிடமும் அங்குள்ள கிராம சுகாதார நர்சிடமும் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் அலையாமல் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையிடமும் மாமாவிடமும் ஐந்து அபாய அறிகுறிகளை மட்டும் சொல்லிவையுங்கள்: விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், எந்த மாதத்திலும் ரத்தம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று வந்தாலும் நல்ல நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

ஜோன் மெஞ்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கிராமங்களில் ஆய்வு செய்தவர். 1980இல் அவர் ஒன்றைக் குறிப்பிட்டார். கேரளத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் டாக்டர் இல்லையென்றால், ஊரே திரண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விடும். தங்களுக்கு உரியதைத்தான் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும் என்று. கேரளத்தின் எண்கள் குறைந்ததற்கு அந்தக் கேட்கும் பழக்கமும் ஒரு காரணம். இன்று அந்தப் பழக்கம் தேய்வதற்கு உங்களையும் என்னையும் போன்ற நடுத்தரக் குடும்பங்கள்தான் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு நாம் பிரைவேட்டுக்குப் போய்விட்டோம். சப்சென்டரில் மருந்து தீர்ந்தாலும் நர்ஸ் இடம் காலியாக இருந்தாலும் குரல் கொடுக்க அங்கே வசதியில்லாதவர்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஆஷாவைக் கூப்பிட்டு உங்கள் மனைவியின் பெயரைப் பதியுங்கள். குழந்தை பிறந்த பிறகு தடுப்பூசிக்கு ஒரு புதன்கிழமையாவது உங்கள் வட்டார சப்சென்டருக்குப் போங்கள். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து, வார்டு கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நீங்கள் கேட்டால் அது அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்கும்.

தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்,
திருவனந்தபுரம்